கறுப்பு வயரில் கரண்ட்

சிவப்பு கரண்ட், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ வயரிங் வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அதே ஆளிடம், தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பல்புக்குப் போட்டிருக்கும் சுவிட்சைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இரண்டு வயர் இருக்கும்: ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. நியூட்ரல் அந்தப் பெட்டிக்குள் வரவே இல்லை. சுவிட்சைப் போட்ட நிலையில் இரண்டு வயரிலும் 230 வோல்ட்.

காரணம் எளிது. நியூட்ரல் கூரைக்கடியால் நேரே பல்பு ஹோல்டருக்குப் போய்விடும். கரண்ட் வயர் மட்டும் சுவரில் இறங்கி, சுவிட்சைத் தொட்டு, மறுபடி மேலே ஏற வேண்டும். இறங்க ஒரு கம்பி, ஏற ஒரு கம்பி. முன்பு கடையில் வாங்கிய டுவின் வயருக்குள் சிவப்பும் கறுப்பும்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே சிவப்பு இறங்குகிறது, கறுப்பு ஏறுகிறது. ஏறும் கறுப்பு, சுவிட்சைப் போட்ட நொடியில் கரண்ட் வயராகிவிடுகிறது.

இப்படிச் செய்வது தப்பில்லை. இலங்கையின் வீட்டு வயரிங் பின்பற்றும் பிரித்தானிய விதிகள் இதை ஒரு நிபந்தனையோடு அனுமதிக்கின்றன. அந்தக் கறுப்பு வயரின் இரண்டு முனையிலும், அதாவது சுவிட்ச் பெட்டிக்குள் ஒன்றும் மேலே இணைப்பு இடத்தில் ஒன்றுமாக, கரண்ட் வயருக்கு உரிய நிறத்தில் ஒரு சிறு குழாய் மாட்ட வேண்டும். அல்லது டேப்பைச் சுற்ற வேண்டும். பழைய வயரிங்கில் அது சிவப்பு, இன்றைய வயரிங்கில் பழுப்பு. நடுவில் ஓடும் நீளம் முழுதும் எந்த நிறமாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்து வரும் ஆள் கை வைப்பது முனையில்தான் என்பதால் விதியும் முனையைத்தான் பார்க்கிறது.

செலவு என்று பார்த்தால் ஒரு அங்குல டேப். அந்த ஒரு அங்குலம் இல்லாத சுவிட்ச் பெட்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? குடும்பம் பெருகுகிறது, சுவர் ஓரமாக ஒரு டிவி வருகிறது, அதற்குப் பிளக் வேண்டும். பல்பு சுவிட்ச் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. ஊரில் கொஞ்சம் வேலை தெரிந்த பையன் ஒருவன் அதைத் திறந்து சிவப்பையும் கறுப்பையும் பார்க்கிறான். கரண்டும் நியூட்ரலும் கிடைத்துவிட்டதாக நினைத்து அந்த இரண்டிலிருந்தும் பிளக்குக்கு இழுக்கிறான். மறுநாள் பக்கத்துக் காம்பரா மாமா கூப்பிடுவார்: "தம்பி, இது என்னா கூத்து? லைட்டப் போட்டா டிவி நிக்குது, லைட்ட நிப்பாட்டினா டிவி ஓடுது!"

கூத்துக்குப் பின்னால் இருப்பது பள்ளிக்கூடப் பௌதிகம். அவன் டிவியைக் கட்டியது கரண்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இல்லை. சுவிட்சின் இரண்டு முனைக்கும் நடுவே. சுவிட்ச் நின்றிருக்கும்போது மின்னோட்டம் டிவி வழியாகப் போய், பிறகு பல்பு வழியாகத்தான் நியூட்ரலை அடைய முடியும். பழைய குண்டு பல்பாக இருந்தால் அது மங்கலாகச் சிவந்து எரிய, டிவியும் எப்படியோ ஓடும். சுவிட்சைப் போட்டால் டிவியின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. டிவிக்குக் கிடைப்பது பூச்சியம் வோல்ட். பல்பு மட்டும் பளிச்சென்று எரியும்.

இதுவரை சிரிக்கலாம். பையன் அடுத்துச் செய்வதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நியூட்ரல் எங்கே என்று தேடுகிறான், கிடைக்கவில்லை. பக்கத்திலேயே பச்சை வயர் ஒன்று போகிறது. சிவப்பையும் பச்சையையும் பிளக்குக்குக் கட்டிப் பார்க்கிறான். டிவி அழகாக ஓடுகிறது. எர்த்தை நியூட்ரலாக்கிவிட்டான்.

நம் நாட்டு வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் வீட்டோரம் மண்ணில் அடித்த ஒரு கம்பிதான். மின்சார சபையின் நியூட்ரல் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் மண்ணைத் தொடுகிறது, நம் எர்த் இங்கே தொடுகிறது, நடுவில் மலைமண். கல்லும் சரளையுமான சரிவில் அடித்த கம்பிக்கு 50 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிவி மாதிரிச் சின்னச் சாமானுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே பிளக்கில் 1000 வாட் இஸ்திரிப்பெட்டியைச் செருகினால் கணக்கு மாறுகிறது. பெட்டியின் தடை ஏறக்குறைய 53 ஓம், மண்ணின் தடை 50 ஓம். 230 வோல்ட்டை இரண்டும் ஏறத்தாழப் பாதிப்பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும். அதாவது எர்த் வயர் முழுதும் 110 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும். அந்த வீட்டில் எர்த்தோடு இணைந்த ஒவ்வொரு உலோகச் சாமானும், ரைஸ் குக்கரின் உடல், குளிர்சாதனப் பெட்டியின் கதவு எல்லாம், அதே 110 வோல்ட்டில் இருக்கும். ஓடுவது 2 ஆம்பியர் சொச்சம் என்பதால் பியூஸுக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

கவனிப்பது ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். கரண்ட் வயரில் போனது நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்குதான், உடனே விழுந்துவிடும். அந்தப் பையனின் வேலையில் போனதெல்லாம் மண்வழியாகப் போவதால் டிவியைப் போட்டதுமே ட்ரிப் அடிக்கும். அப்போது வருகிற பேச்சைப் பலரும் கேட்டிருப்பீர்கள்: "ட்ரிப் சுவிட்ச் பழுது, சும்மா சும்மா விழுது." அதைக் கழற்றி இரு பக்கத்தையும் நேரே இணைத்துவிட்டால் அன்றிரவு நாடகம் தடையில்லாமல் ஓடும். கறுப்பு வயரில் டேப் சுற்றாத கை ஒருவருடையது; ட்ரிப்பைக் கழற்றிய கை இன்னொருவருடையது. இரண்டுக்கும் இடையில் பதினைந்து வருடம்கூட இருக்கலாம்.

மலையகத்துக்கு மட்டும் உள்ள குறை என்று இதை நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கறுப்பு கரண்ட், வெள்ளை நியூட்ரல். அங்கேயும் சுவிட்சுக்கு இறங்கும் கேபிளில் வெள்ளை வயர் கரண்ட் சுமக்கும். அதற்கு டேப் சுற்றவோ சாயம் பூசவோ வேண்டும் என்று அவர்களுடைய தேசிய மின்விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. பிறகு ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சுவிட்சுகள் சந்தைக்கு வந்தன. அவை வேலை செய்யக் கொஞ்சம் மின்னோட்டம் எப்போதும் வேண்டும், சுவிட்ச் பெட்டியிலோ நியூட்ரல் இல்லை. எர்த் வயர் வழியாக அந்தக் கொஞ்சத்தைத் திருப்பி விடும் வழக்கம் அங்கேயும் தலைகாட்டியது. அந்த விதிகளின் 2011 பதிப்பில், சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரலும் வந்தே ஆக வேண்டும் என்று புது விதி சேர்த்தார்கள். டொரொண்டோவில் வயரிங் வேலைக்குப் போன நம் ஆட்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதும் இந்த நிறமாற்றத்தைத்தான்: ஊரில் நியூட்ரலாக இருந்த கறுப்பு அங்கே கொல்லும்.

இந்த நிறங்களை யார் தீர்மானித்தார்கள்? மின்சாரத்துக்கென்று சொந்த நிறம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் பாட்டுக்கு ஒன்றை வைத்துக்கொண்டது. பிரித்தானியா சிவப்பைக் கரண்டுக்குக் கொடுத்தது. பழைய ஜெர்மன் வயரிங்கில் சிவப்புதான் எர்த். ஜெர்மனியில் செய்த ஒரு சாமானை அந்தக் காலத்தில் லண்டனில் வாங்கி, பிளக் மாட்டாமல் வந்த அதன் கயிற்றுக்கு வீட்டுக்காரரே பிளக் மாட்டினால் சிவப்பை எங்கே சொருகுவார்? கரண்ட் முனையில். சாமானின் உடலே முழு மின்னழுத்தத்தில் நிற்கும்.

ஐரோப்பிய நாடுகள் உட்கார்ந்து பேசி, 1970-ஐ ஒட்டிச் சாமான்களின் கயிற்று வயருக்கு ஒரே நிறமுறையைக் கொண்டுவந்தன: கரண்ட் பழுப்பு, நியூட்ரல் நீலம், எர்த் பச்சையும் மஞ்சளும் கலந்த வரி. யாருடைய பழைய சிவப்பும் யாருடைய பழைய தனிப் பச்சையும் இதில் இல்லை; தகராறுக்குக் காரணமான நிறங்களை ஒதுக்கிவிட்டார்கள். இன்னொரு நோக்கமும் இருந்தது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படும் கண்கள் ஐரோப்பிய ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்கு உண்டு; நம்மவர்களிலும் உண்டு. அப்படிப்பட்ட எலக்ட்ரீஷியனுக்குப் பழைய முறையில் கரண்டும் எர்த்தும் ஒரே மாதிரித் தெரியலாம். வரிவரியான வயரை நிறமே தெரியாதவரும் வடிவத்தால் கண்டுகொள்வார். அதனால்தான் எந்த 15 மில்லிமீற்றர் துண்டை வெட்டி எடுத்தாலும் இரண்டு நிறத்தில் ஒன்று 30 சதவீதத்துக்குக் குறையாமலும் 70 சதவீதத்துக்குக் கூடாமலும் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தரம் அளந்து வைத்திருக்கிறது. பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும்போது தெரிவது அவ்வளவு நீளம்தானே.

பச்சை-மஞ்சளுக்கு இன்னொரு தனிக்காவலும் உண்டு. நீல வயரில் பழுப்பு டேப் சுற்றிக் கரண்ட் வயராக்கலாம். பச்சை-மஞ்சளை எந்த டேப் சுற்றியும் கரண்டாகவோ நியூட்ரலாகவோ ஆக்கக்கூடாது. வயர் போதவில்லை, எர்த் வயர் மிச்சம் இருக்கிறது, அதையே இழுத்துவிடலாம் என்பது வேலைத்தலத்தில் அடிக்கடி எழும் ஆசை. டேப் கழன்று விழலாம். கழன்றால் கீழே தெரிவது எல்லாரும் பயமில்லாமல் தொடும் நிறம்.

சுவருக்குள் ஓடும் வயருக்கு நிறம் மாறியது மிகப் பிந்தி. பிரித்தானியாவில் 2004 மார்ச் 31 முதல் புது நிறங்கள் அனுமதிக்கப்பட்டு, 2006 ஏப்ரலிலிருந்து கட்டாயமாயின. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் சுவரில் சிவப்பு-கறுப்பு, சாமானில் பழுப்பு-நீலம் என்று இரண்டு மொழி ஓடியது. நம் கடைகளிலும் பழுப்பும் நீலமும் சிவப்பையும் கறுப்பையும் மெல்லத் தள்ளிவிட்டன.

ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு இந்த மாற்றம் பெரிய தலைவலி இல்லை. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில்தான் சங்கடம். மூன்று ஃபேஸுக்குப் பழைய நிறம் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு. புது நிறம் பழுப்பு, கறுப்பு, சாம்பல், நியூட்ரல் நீலம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீலம் நேற்று ஃபேஸ், இன்று நியூட்ரல். கறுப்பு நேற்று நியூட்ரல், இன்று ஃபேஸ். இவ்வளவு காலம் யோசித்தவர்கள் இந்தப் பொறியை ஏன் விட்டுவைத்தார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பழைய பலகையிலிருந்து வரும் கேபிளைப் புதுக் கேபிளோடு இணைக்கும்போது கறுப்போடு கறுப்பையும் நீலத்தோடு நீலத்தையும் சேர்த்துவிட்டால், நியூட்ரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஃபேஸ் வந்து உட்காரும். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட். ஸ்டோரின் பல்புகளில் ஒரு பங்கு, ஆபீஸ் கணினி, தராசு எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். நியூட்ரல் சரியாக அமைந்து, ஃபேஸ் வரிசை மட்டும் மாறினால் எதுவும் எரியாது. மோட்டார்கள் எதிர்ப்பக்கம் சுழலும். மூன்றில் எந்த இரண்டை மாற்றினாலும் போதும். கொழுந்து வாட்டும் ட்ரஃபின் காற்றாடி எதிர்த்திசையில் சுற்றினால் கொழுந்துக்குக் காற்று ஒழுங்காக ஏறாது; காரணம் தெரியாமல் கொழுந்தின் ஈரத்தைத்தான் முதலில் குறை சொல்வார்கள்.

இதற்காக, நிறம் மாறிய காலத்தில் பிரித்தானிய விதி இரண்டு காரியம் கேட்டது. பழையதும் புதியதும் சந்திக்கும் இடத்தில் எல்1, எல்2, எல்3, என் என்று எழுத்துக் குறி இட வேண்டும். மெயின் பலகையில், இங்கே இரண்டு காலத்து நிறங்கள் இருக்கின்றன, கை வைக்குமுன் கவனம் என்று எச்சரிக்கை ஒட்ட வேண்டும். நம் ஸ்டோர்களிலும் லயங்களிலும் அது தமிழிலும் சிங்களத்திலும் இருந்தால் நல்லது. வேலைக்கு வருபவர்கள் இரண்டு மொழிக்காரர்களும்தான்.

லயத்தில் கஷ்டம் வேறு மாதிரி. கரண்ட் பிறக்கும் இடமே இந்த மலைதான். 1918-இலேயே நீர்மின் திட்டத்தை எழுதிக்காட்டிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் கனவு 1950-இல் லக்ஷபான நிலையமாக ஓடத் தொடங்கியது. 1965-இல் அவர் பெயரிலேயே ஒரு நிலையம் வந்தது. அதற்குக் காசல்ரீயில் தண்ணீர் தேக்கினார்கள். மவுசாக்கலையில் நீர் ஏறியபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. அந்த நீரைச் சுற்றியுள்ள லயங்களில் குப்பி லாம்பு அணைய அதன்பின் பல பத்தாண்டுகள் ஆயின. வந்த கரண்டும் ஒரேயடியாக வரவில்லை. முதலில் ஒரு பல்பு, பிறகு இஸ்தோப்புக்கு ஒன்று, பின்னால் தகரத்தில் இறக்கிய குசினிக்கு ஒன்று, கல்யாணமான மகனுக்கு மறைத்த அறைக்கு ஒன்று. ஒவ்வொரு இழுப்பும் ஒவ்வொரு கை, கையில் கிடைத்த வயர்.

இதில் விறகடுப்பு சேர்கிறது. புகை கூரைக்கடியில் தேங்கி மரச்சட்டத்தையும் வயரையும் கரியால் பூசுகிறது. சில வருடத்தில் சிவப்பும் கறுப்பும் பழுப்பும் ஒரே நிறமாகின்றன. ஈரத்துணியால் துடைத்தால்தான் அடியில் இருக்கும் நிறம் தெரியும். துடைப்பதற்கு முன் மெயினை நிறுத்த வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெளியில் வெயில் படும் இடத்தில் இதற்கு நேர்மாறு, சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகி, பிறகு என்ன நிறம் என்றே சொல்ல முடியாமல் போகும். மலைப்பக்க ஈரத்தில் மலிவான டேப்பின் பசையும் நிற்பதில்லை. சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்தான் இங்கே நிலைக்கும்.

அப்படியானால் டெஸ்டர் போதாதா? நியான் விளக்கு வைத்த அந்தத் திருப்புளி, நம் உடல் வழியாக நிலத்துக்குப் போகும் மிகச் சிறிய மின்னோட்டத்தில் எரிகிறது. காய்ந்த பலகை மேல் ஏறி நின்றால் மங்கும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது. எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று அர்த்தமாகாது. இன்னொரு வினோதமும் உண்டு. "அண்ணே, ரெண்டு வயர்லயும் டெஸ்டர் எரியுது, ஆனா பல்பு எரியல்ல" என்று ஒருவர் சொன்னால், மேலே எங்கோ நியூட்ரல் அறுந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். கரண்ட் பல்பின் இழை வழியாக நியூட்ரல் வயருக்குள் வந்து, மேலே போக வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. முறைப்படி போட்ட நீல வயர், முறைப்படியான நிறம், தொட்டால் 230 வோல்ட். நிறம் சொல்வதெல்லாம் போட்டவர் என்ன நினைத்துப் போட்டார் என்பதைத்தான். இந்த நிமிடம் அதில் என்ன ஓடுகிறது என்பதை மீற்றர் வைத்து, கரண்டுக்கும் நியூட்ரலுக்கும், கரண்டுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் என்று மூன்று முறை அளந்துதான் அறிய முடியும்.

லயங்களில் தீப்பிடித்த செய்தி வரும்போதெல்லாம் மின்னொழுக்கு என்று ஒரு சொல்லோடு பத்திரிகை முடித்துவிடுகிறது. நிறம் மாறியதால் நேரடியாகத் தீப்பிடிப்பது அபூர்வம். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டியவை. தளர்ந்த ஒரு முறுக்கின் தடை அரை ஓம் என்றால், 2000 வாட் கேத்தலின் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் அதன் வழியே ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் ஏறக்குறைய 40 வாட் சூடு பிறக்கும். ரேடியோ திருத்துபவரின் சோல்டரிங் அயனைக் கரி படிந்த சட்டத்தில் சாய்த்து வைத்தது மாதிரி. விளக்குக்கு என்று போட்ட 1/1.13 வயரிலிருந்து கேத்தலுக்கு இழுத்திருந்தால் இன்னும் மோசம், 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பி அது, குறுக்குப் பரப்பு ஒரு சதுர மில்லிமீற்றர்தான். பிளக்குக்கு வேண்டியது 7/0.67, அதன் இரண்டரை மடங்கு. ஆனால் எந்த வயர் எதற்குப் போகிறது என்று தெரியாத கூரையில்தான் இப்படிப்பட்ட இழுப்புகள் நடக்கின்றன. பின்தொடர முடியாத வயரில் யாரும் தளர்ந்த இணைப்பைத் தேடுவதில்லை.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். அதற்கு முந்திய திட்டத்தின் வீடுகளும் சேர்த்து, லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகும் குடும்பங்கள் கூடி வருகின்றன. தனி வீட்டில் மெயின் பலகை சொந்தம், ட்ரிப் சுவிட்ச் சொந்தம், வயரும் புதுசு. போகும்போது பழைய காம்பராவில் கழற்றிய வயர்ச் சுருளையும் கூடவே எடுத்துப் போகிறவர்கள் உண்டு; காசு கொடுத்து வாங்கியதை யார் விட்டுவிட்டுப் போவார்கள்? புது வீட்டுக்குப் பின்னால் குசினி இறக்கும்போது அந்தச் சிவப்பு-கறுப்பு டுவின் பழுப்பு-நீலத்தோடு சேரும். உறை வெடித்திருந்தால், வளைத்தவுடன் நொறுங்கினால், அந்தச் சுருளைக் குப்பையில் போடுங்கள். நல்லதாக இருந்தால் சிவப்பின் இரு முனையிலும் பழுப்புக் குழாய், கறுப்பின் இரு முனையிலும் நீலக் குழாய். அந்தக் கறுப்பு, சுவிட்சிலிருந்து பல்புக்கு ஏறுகிற வயராக இருந்தால் மட்டும் நீலம் வேண்டாம், அதற்கும் பழுப்பு. பிறகு மெயின் பலகையின் மூடிக்கு உட்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில், எந்த எம்சிபி (பிரேக்கர்) எந்த அறைக்கு, குசினிக்கு இழுத்தது எந்த வருடம் என்று எழுதி ஒட்டுங்கள். பென்சிலால் எழுதினால் போதும். மலைப்பக்க ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும்.